நடுவலி: ஒரு பட்டையின் வரலாறு

எங்கள் ஊரில் ஒரு பெண் 'இடுப்பு வலி' என்று சொன்னால் ஆட்டோவுக்கு ஆள் அனுப்புவார்கள். அது பிரசவ வலி. மற்ற நாட்களில் முதுகின் அடிப்பகுதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் வலிக்கு எங்கள் பேச்சில் 'நடுவலி' என்று பெயர். உடம்பின் நடுவில் வருவதால் நடுவலி. எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் 'நடுவேதன' என்பார்கள். இடுப்பு வலிக்கு ஒரு முடிவு உண்டு. பிள்ளை பிறந்தால் தீர்ந்தது. நடுவலிக்கு யாரும் ஆட்டோ பிடிப்பதில்லை. அது பெண் உடம்பில் இருக்கவேண்டிய ஒன்று என்பதுபோல இருந்துகொண்டிருக்கும்.

அம்மாவுக்கு அது வந்தபோது நான் முதுகலை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். 2003ஆம் ஆண்டு. ஒரு தனியார் மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நான்காவது ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இடைவெளி குறைந்திருக்கிறது, தட்டு தேய்ந்திருக்கிறது என்றார். மாத்திரைகளோடு ஓர் எல்.எஸ். பெல்ட்டும் எழுதிக் கொடுத்தார். தோல் நிறத்தில் அகலமான எலாஸ்டிக் பட்டை. முதுகுப் பக்கத்தில் உள்ளே தைத்து மூடிய நான்கு உலோகப் பத்தைகள். முன்பக்கம் வெல்க்ரோ. வேலை செய்யும்போது கட்டிக்கொள்ளுங்கள், படுக்கும்போது கழற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா கிட்டத்தட்ட நேர்மாறாகச் செய்தாள். காலையில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலைக்கு, பெல்ட் இல்லாமல் போவாள். பெல்ட் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மாலை வந்து குளித்தபின் எடுத்துக் கட்டிக்கொண்டு திண்ணையில் சுவரில் சாய்ந்து உட்காருவாள். காசு கொடுத்து வாங்கியதை ஆணிக்கா மாட்டிவைத்திருக்கிறாய் என்று நான் அவளைப் பலமுறை திட்டினேன். டாக்டர் சொன்னதைக் கேட்காத படிப்பறிவில்லாத பெண் என்று அவளை நினைத்ததை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவள் ஒரே ஒருமுறைதான் பதில் சொன்னாள். "பெல்ட்டக் கெட்டீட்டு எப்பிடி மக்களே குத்தவச்சு இருக்கது? அடிவயித்துலயும் தொடையிலயும் குத்துது."

இருபது வருடம் கழித்து எனக்கும் அதே இடத்தில் தட்டு விலகியது. எனக்கும் பெல்ட் எழுதிக் கொடுத்தார்கள். கல்லூரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார அது எனக்கு வசதியாகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றாமல் தரையில் குத்தவைத்து மீன் ஆயப் போனேன். கீழ் விளிம்பு தொடை இடுக்கில் ஏறியது. பத்தைகளின் மேல்முனை விலாவில் இடித்தது. மூச்சு முட்டியது. அம்மா அன்று சொன்னது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பட்டை நிற்கிறவர்களுக்கும் நாற்காலியில் இருப்பவர்களுக்கும் செய்யப்பட்டது. முப்பது வருடம் தரையில் குத்தவைத்துச் சம்பாதித்த ஒரு பெண்ணை அதைச் செய்தவரும் நினைக்கவில்லை, எழுதிக் கொடுத்தவரும் கேட்கவில்லை.

வரலாறு சொல்லிக்கொடுப்பது என் தொழில். இந்த மண்ணில் பெண்ணின் நடுவைச் சுற்றி எதைக் கட்டலாம், அதன்மேல் எதை ஏற்றலாம் என்பதை யார் யார் முடிவு செய்தார்கள் என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

இடுப்பில் வைக்கக் கூடாத குடம்

தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த இந்தப் பகுதியில் நாடார் பெண்களும் அவர்களைவிடத் தாழ்ந்தவர்களாக வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேலுடம்பை மூடக் கூடாது. கர்னல் மன்றோ திவானாக இருந்த 1811-14 காலத்தில், கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம் என்று அனுமதி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்த பெண்களின் துணிகள் 1822இல் கல்குளம் பகுதியில் கிழிக்கப்பட்டன. 1829இல் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டு நாடார் பெண்கள் மேல்சீலை அணிவதைத் தடுத்தது. 1858-59இல் மறுபடியும் கலவரம். கடைசியில் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அனுமதி அளித்தார்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. நாடார்கள் மீதிருந்த தடைகளைப் பட்டியலிடும்போது அன்றைய பதிவுகள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன்னகை அணியக் கூடாது, ஒரு மாடிக்கு மேல் வீடு கட்டக் கூடாது, பசுவில் பால் கறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்து, இன்னொன்றையும் சேர்க்கின்றன: அவர்களின் பெண்கள் இடுப்பில் குடம் வைத்துச் சுமக்கக் கூடாது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களைப் பற்றி 1969இல் வெளியிட்ட நூலிலும் இந்தத் தடை இடம்பெறுகிறது.

வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் முதலில் சிரிப்பார்கள். குடத்தை எங்கே வைத்தால் அரசுக்கு என்ன? அப்புறம் ஒவ்வொருத்தியாக யோசிப்பாள். குடத்தை இடுப்பில் வைக்கும் பெண் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கையை வீசி, தன் நடைக்கு நடப்பாள். நின்று பேசலாம், திரும்பிப் பார்க்கலாம். அப்படி நடக்கும் உரிமை மேல்சாதிப் பெண்ணுக்கு மட்டும். மற்றவள் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து, கழுத்து நேராக, கண் முன்னால் பார்க்கப் போகவேண்டும். முதுகெலும்புக்குத் தலைச்சுமை நல்லதா இடுப்புச்சுமை நல்லதா என்பது இங்கே கேள்வியே இல்லை. எப்படிச் சுமந்தால் தனக்கு வலிக்காது என்று பார்த்து, அதற்கேற்ப மாற்றிச் சுமக்கும் உரிமை ஒரு பெண்ணின் உடம்புக்கு இல்லை என்பதுதான் விஷயம்.

1859 அனுமதியிலும் ஒரு முடிச்சு இருந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைக் குறுக்கே சுற்றிக் கட்டலாம், வேறு எப்படியும் மூடிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கட்டக் கூடாது. உரிமை கொடுத்த தாளிலேயே துணியைக் கட்டும் விதமும் எழுதப்பட்டது.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி பனையேறிக் குடும்பத்துக்காரி. பாட்டன் பனையிலிருந்து இறக்கும் அக்கானியைத் தலையில் சுமந்து வந்து, விறகு பொறுக்கி, அடுப்பின் முன் மணிக்கணக்காகக் குனிந்து கிண்டிக் கருப்பட்டி ஆக்குவது பாட்டியின் வேலை. ஆக்கிய கருப்பட்டியைத் திங்கள்சந்தைக்குச் சுமப்பதும் அவள்தான். 'பனையேறி' என்ற பெயர் ஏறியவனுக்குத்தான் வந்தது. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில், திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று புகழப்பட்ட நாஞ்சில் நாட்டு வயல்களில், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்துக்கும் நாற்று நட்டவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே நடும் அந்த நடவு முறை அப்படியே நின்றது. கடற்கரையில் மீன்கூடை சுமந்த பெண்களின் கதை தனியாக எழுதவேண்டியது.

எலும்புக் கூண்டும் பிள்ளைபெற்ற கட்டும்

தோள்சீலைக் காலத்தில் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனரிப் பெண்களில் முக்கியமானவர் மார்த்தா மால்ட். கணவர் சார்லஸ் மால்ட்டுடன் 1819இல் வந்தவர், பெண்களுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசில் அடிமைப் பெண்கள் தங்களை விடுவித்துக்கொண்டதும் நடந்தது. இந்த மாவட்டத்துப் பெண்கல்வி அந்தத் திண்ணையில் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் எனக்கு அந்தக் காட்சியின் மறுபக்கமும் தெரிகிறது. மேலுடம்பை மூடும் உரிமைக்காக நம் பெண்கள் அடி வாங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் மத்தியதர, மேல்தட்டுப் பெண்கள் உடைக்குள் இறுக்கமான கச்சு கட்டி வாழ்ந்தார்கள். திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளையும் பத்தைகளை உள்ளே வைத்துத் தைத்த கார்செட். நூற்றாண்டு நகர நகர அதில் எஃகுப் பத்தைகள் வந்தன, இடுப்பு இன்னும் குறுகியது. பெண்ணின் முதுகு தானாக நிற்காது, தாங்கிப் பிடிக்க ஒரு கூண்டு வேண்டும் என்ற எண்ணம் அதில் தைக்கப்பட்டிருந்தது.

இன்று மருந்துக்கடையில் விற்கும் பெல்ட்டுக்கு இரண்டு முன்னோர்கள். அந்தக் கார்செட் ஒன்று. மருத்துவர்கள் செய்த முதுகுத் தாங்கி மற்றொன்று. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, வளைந்த முதுகை நிமிர்த்த இரும்பால் கச்சு செய்வித்தார். போர்க்கவசம் செய்யும் கொல்லர்களே அதையும் அடித்துக் கொடுத்தார்கள். 1860களில் நியூயார்க்கில் சார்லஸ் ஃபயெட் டெய்லர், காசநோயால் அரிக்கப்பட்ட முதுகெலும்புக்காக ஒரு தாங்கி செய்தார். நம் மருத்துவமனைகளில் இன்றும் 'டெய்லர் பிரேஸ்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 20ஆம் நூற்றாண்டில் எலாஸ்டிக் வந்தது. சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் த மெஸ்ட்ரால் உருவாக்கிய வெல்க்ரோ 1950களில் வந்தது. கயிறும் கொக்கியும் போய், ஒரு பெண் தானே இழுத்து ஒட்டிக்கொள்ளும் பட்டையாக அது மாறியது.

கார்செட்டுக்குள் வாழ்ந்த பெண்களில் அதை வெளிப்படையாகக் காட்டியவர் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ. 1925இல் நடந்த பேருந்து விபத்தில் முதுகெலும்பு உடைந்த அவர், வாழ்நாள் முழுவதும் பிளாஸ்டர் கச்சுகளையும் உலோகக் கச்சுகளையும் மாற்றி மாற்றி அணிந்தார். பிளாஸ்டர் கச்சுகளின் மேலேயே படம் வரைந்தார். 1944இல் வரைந்த 'உடைந்த தூண்' ஓவியத்தில் தன்னைப் பட்டைகள் இறுக்கிய உடம்போடு, கண்ணீரோடு, நேராகப் பார்த்தபடி வரைந்திருக்கிறார். சேலைக்குள் பெல்ட்டை மறைத்துக்கொண்டு, தெரிந்துவிடுமோ என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே வகுப்பெடுத்த நாட்களில் எனக்கு அந்த முகம் நினைவுக்கு வரும்.

நம்மிடமும் ஒரு கட்டு இருந்தது. பிள்ளை பெற்றவளை மருந்து வெந்நீரில் குளிப்பாட்டி, பழைய வேட்டியை நீளமாக மடித்து, வயிற்றையும் நடுவையும் சேர்த்து இறுக்கிக் கட்டுவார்கள். பாட்டியோ பெரியம்மாவோ கட்டிவிடுவாள். கட்டும்போதே வலிக்கிறதா, மூச்சு விட முடிகிறதா என்று கேட்பாள். எனக்கும் அம்மா கட்டிவிட்டாள். வயிறு உள்ளே போகும் என்பது பேச்சுக்குச் சொல்வது. தளர்ந்துபோன நடுவுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது என்பதே நான் உணர்ந்தது.

அந்தக் கட்டை நான் புனிதமாக்கவில்லை. கூலிவேலைக்குப் போன பெண்களுக்கு முழு ஓய்வு என்றுமே கிடைத்ததில்லை. என் பாட்டி பிள்ளை பெற்ற மூன்றாம் வாரம் அக்கானி அடுப்புக்குத் திரும்பியவள். ஆனாலும் அந்த வேட்டிக்கட்டு, 'இவள் இப்போது படுத்திருக்கவேண்டியவள்' என்று வீட்டுக்கு அறிவித்தது. அது ஓய்வோடு சேர்த்துக் கட்டப்பட்டது. கடையில் வாங்கிய பெல்ட் அம்மாவிடம் 'நீ வேலைக்குப் போகலாம்' என்று சொன்னது.

அண்டி ஆபீஸ்

முந்திரியைப் போர்ச்சுக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அது கொல்லாமரம். அதன் கொட்டை அண்டி. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கொல்லம் நகரைச் சுற்றி முந்திரித் தொழிற்சாலைகள் பெருகின. அங்கே வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். சங்கம் வைத்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், குறைந்தபட்சக் கூலி வாங்கினார்கள்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு, அன்றைய சென்னை மாநிலத்தோடு, சேர்ந்தன. அதைத் தமிழர்களின் வெற்றியாகப் பள்ளியில் படித்திருக்கிறோம், சரிதான். அந்தப் புதிய எல்லைக்கோடு முதலாளிகளுக்கும் பயன்பட்டது என்பதைப் படிக்கவில்லை. கேரளத்தில் கூலிச் சட்டங்கள் இறுக இறுக, கொல்லத்து முதலாளிகள் கூலி குறைவான இந்தப் பக்கம் வந்து ஆபீஸ் திறந்தார்கள். என் அம்மா பதினாறு வயதில் அப்படி ஒன்றில்தான் சேர்ந்தாள்.

வேலை மூன்று நான்கு கட்டமாக நடக்கும். கொட்டையை வறுப்பது ஆண்கள். வறுத்ததை மரச்சுத்தியால் தட்டி உடைப்பது, அதாவது தல்லுவது, பெண்கள். பருப்பின் மேல்தோலை உரிப்பது பெண்கள். தரம் பிரிப்பதும் பெண்கள். தல்லும்போது ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் கையைப் பொசுக்கும். அதற்குச் சாம்பலும் தேங்காயெண்ணெயும் தடவிக்கொள்வார்கள். அம்மாவின் விரல்கள் கறுத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. நடு தேய்ந்தது யார் கண்ணிலும் படவில்லை.

அம்மா பத்து வருடம் தல்லினாள். அப்புறம் தோல் உரிப்புக்கு மாற்றினார்கள். இரண்டிலும் உட்காரும் விதம் ஒன்றுதான். தரையில் குத்தவைத்தோ, நாலு விரல் உயரப் பலகையில் கால்களை மடக்கியோ, முன்னால் குனிந்து. ஏற்றுமதிச் சந்தையில் டபிள்யூ 320 என்றொரு தரம் உண்டு. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் என்பது அதன் பொருள். கிலோவுக்கு ஏறக்குறைய 700 பருப்பு. அம்மா ஒரு நாளில் எட்டுப் பத்துக் கிலோ உரிப்பாள். ஏழாயிரம் பருப்பு வரை. ஒவ்வொன்றையும் உடையாமல் உரிக்கவேண்டும். உடைந்தால் தரம் போகும், தரம் போனால் திட்டு. கூலி கிலோ கணக்கில்.

கேரள முந்திரித் தொழிலாளர்களைப் பற்றி சுவீடன் வரலாற்றாசிரியர் அன்னா லிண்ட்பெர்க் 2001இல் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். ஆண்களின் வேலைக்கு நேரக் கூலியும் பெண்களின் வேலைக்குப் பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலியும் என்று அந்தத் தொழில் பிரிக்கப்பட்டிருந்ததை அதில் காட்டுகிறார். எண்ணிக்கைக் கூலி என்பது முதுகைப் பற்றிய ஒரு விதியும்கூட. எழுந்து நின்று நடுவை நிமிர்த்தும் ஒவ்வொரு நிமிடமும் அவள் கூலியில் குறையும். யாரும் அவளை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லவேண்டியதில்லை, தராசு சொல்லிவிடும்.

பெல்ட்டுக்கு முன்பு அம்மா எங்கள் பக்கத்து வர்ம ஆசானிடம் போயிருந்தாள். அவர் காயத்திருமேனி எண்ணெய் போட்டுத் தடவிவிட்டு, மூன்று வாரம் குனியாதே, குத்தவைக்காதே, பாரம் தூக்காதே என்றார். நல்ல வைத்தியம். அம்மா மூன்று நாள் வீட்டில் இருந்தாள். நாலாம் நாள் என் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி. அந்தக் கட்டணச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நிற்பவருக்கு இருக்கை

அம்மா வேலை செய்த காலத்தில் நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதன் 44ஆம் பிரிவு உட்காரும் வசதியைப் பற்றியது. நின்றுகொண்டு வேலை செய்யவேண்டிய தொழிலாளர்களுக்கு இடையில் ஓய்வாக உட்கார வசதி செய்யவேண்டும் என்கிறது முதல் உட்பிரிவு. ஒரு வேலையை உட்கார்ந்தபடி நன்றாகச் செய்ய முடியும் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், இருக்கை ஏற்பாடு செய்யும்படி உத்தரவிடலாம் என்கிறது இரண்டாவது. 'உத்தரவிடலாம்' என்றுதான் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் மனதில் இயந்திரத்தின் முன் நிற்கும் ஒரு தொழிலாளி இருந்தான். அவனுக்கு உட்கார்வது என்றால் ஓய்வு. உட்கார்வதே வேலையாகவும் வலியாகவும் இருக்கும் பெண் அந்தப் பிரிவில் தென்படவில்லை. கணக்கேட்டில் அம்மா 'உட்கார்ந்து வேலை செய்பவள்'.

அதே 1948இல் வந்தது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், ஈ.எஸ்.ஐ. அதன் மருத்துவப் பயன்களில் செயற்கை உறுப்புகள், ஊன்றுகோல்கள் இவற்றோடு முதுகுத் தாங்கிகளும் சேர்ந்திருந்தன. இது நல்ல விஷயம். பல பெண்களுக்கு உதவியிருக்கிறது. அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, வேலையால் வரும் நோய்கள் எவை என்று பட்டியலிட்டது. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாம் அதில் இருந்தன. வருடக்கணக்கில் குனிந்து உட்கார்ந்ததால் வரும் நடுவலி இல்லை. ஆகவே தேய்ந்த தட்டுக்குப் பட்டை தரலாம். அதைத் தேய்த்தது வேலைதான் என்று எழுத இடம் கிடையாது. அந்த வலி அவளுடைய வயது, அவளுடைய பிரசவங்கள், அவளுடைய உடல்வாகு என்று அவள் கணக்கிலேயே எழுதப்படும். அம்மாவின் மருத்துவச் சீட்டில் மூன்று பிரசவம் என்று இருக்கிறது. என்ன வேலை என்ற இடம் காலி.

பட்டை என்ன செய்யும்?

இதைப் படிக்கும் சிலர் இந்த நிமிடம் பெல்ட் கட்டியிருக்கக்கூடும். அதனால் இதையும் சொல்லியாகவேண்டும். பெல்ட் ஏமாற்று இல்லை. எலும்பு முறிவிலும், சில முதுகெலும்பு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும், முள்ளெலும்பு நழுவிய சில நிலைகளிலும் மருத்துவர்கள் அதைக் காரணத்தோடுதான் தருகிறார்கள். வயிற்றுப் பக்கம் அழுத்தம் கூட்டி, முதுகு அளவுக்கு மீறி வளைவதைத் தடுத்து, 'குனியாதே' என்று உடம்புக்கு நினைவூட்டுகிறது. கடுமையான வலி இருந்த முதல் வாரங்களில் எனக்கு அது துணையாக இருந்தது. கூடவே இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியைச் சொல்லிக் கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் என்னைப் பெல்ட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார்.

ஆனால் வேலையில் வரும் நடுவலியைப் பெல்ட் தடுக்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் 1990களில் சரக்குத் தூக்குபவர்களுக்கெல்லாம் நிறுவனங்கள் பெல்ட் மாட்டிவிட்டன. அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், காயமில்லாத தொழிலாளியை அது காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1994இல் சொன்னது. பிறகு 160 கடைகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2000இல் வெளியானது. தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுக் காயத்திலோ வலியிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் தடுப்பு விஷயத்தில் இதே பக்கம்தான் நின்றது.

முதுகைக் கட்டாமல் கருவியை மாற்றிய வரலாறும் அமெரிக்காவில்தான் இருக்கிறது. கலிபோர்னியாவின் லெட்டூஸ், சுகர் பீட் வயல்களில் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்குக் குட்டைக் கைப்பிடி களைக்கொட்டு கொடுப்பார்கள். நாளெல்லாம் இரண்டாக மடிந்தபடி வேலை செய்யவேண்டும். நீளக் கைப்பிடி கொடுத்தால் பயிர் கெடும் என்றார்கள் பண்ணையார்கள். தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸ், தன் தீராத முதுகுவலிக்கு அந்தக் குட்டைக் கருவிதான் காரணம் என்று சொன்னவர். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975இல் அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. கைப்பிடி நீண்டது. பயிர் கெடவில்லை.

நம் அருகிலும் ஒன்று நடந்தது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள், விஜி பள்ளித்தொடியின் முன்முயற்சியில், உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்று சேர்த்தது. ஒரு ஸ்டூலுக்கு இத்தனை வருடம்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை எழுதி முடித்த வாரம் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். இருபத்தாறு வயது. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் வேலை. சிசேரியன் ஆகி ஒன்பது மாதம். "அத்தே, ஒனக்க பெல்ட்டு சும்மாதானே கெடக்கு? எனக்குத் தாயேன். நடு கழண்டு போவுது" என்றாள். நான் சட்டத்தைச் சொன்னேன். கடையில் ஸ்டூல் போட்டிருக்கவேண்டுமே என்றேன்.

"ஸ்டூல் இருக்கு அத்தே. ஆளு வந்தா எந்திக்கணும். ஆளு இல்லாதப்ப இருந்தா சூப்பர்வைசர் வந்து நிப்பாரு. யாரு இருப்பா?"

பெல்ட்டை எடுத்துவந்து கொடுத்தேன். கட்டும் விதத்தையும், நாள் முழுக்கக் கட்டாதே, முதலில் டாக்டரைப் பார், பயிற்சி செய் என்பதையும் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுபதை நெருங்கும் வயது. இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறாள். பேத்தியைக் கிட்டே கூப்பிட்டு, பெல்ட்டை வாங்கி, உள்ளே இருந்த பத்தைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கடையில நீ என்ன செய்யணும் மக்களே? நிக்கணுமா, குனிஞ்சு துணி எடுக்கணுமா? இதக் கெட்டீட்டு அது முடியுமா?"

2003இல் அந்த மருத்துவர் அம்மாவிடம் இதைக் கேட்கவில்லை. பெல்ட்டை ஆணியில் பார்க்கும்போதெல்லாம் திட்டிய நானும் கேட்கவில்லை.